பாஸ்பரஸ் போன மாதம் 1.8, இந்த மாதம் 7.2: அம்மாவுக்கு மீனை நிறுத்திவிட வேண்டுமா?

மண்டபம் கரை (கேள்வி)

அம்மாவுக்கு 61 வயது, எடை 50 கிலோ. வாரம் இரண்டு முறை, தலா 4 மணி நேரம் டயாலிசிஸ். போன மாதம் மதுரையில் எடுத்த ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் 1.8. இந்த மாதம் வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்து, பைக்கில் ராமநாதபுரம் கொண்டுபோய்ப் பார்த்ததில் 7.2. கால்சியம் 8.4, பொட்டாசியம் 6.1, அல்கலைன் பாஸ்பட்டேஸ் 340, பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) 720. ரிப்போர்ட்டின் அடியில் ‘மாதிரி லேசாகச் சிவந்துள்ளது’ என்று ஒரு வரி இருக்கிறது.

டாக்டர் கால்சியம் அசிடேட் 667 மி.கி. ஒரு நாளைக்கு மூன்று எழுதியிருக்கிறார். ‘பாஸ்பரஸ் உள்ளதைக் குறையுங்கள்’ என்றார். எங்கள் வீட்டில் மீன் இல்லாமல் ஒரு வேளை கிடையாது. வாரத்தில் இரண்டு நாள் நெத்திலிக் கருவாடு, ஒரு நாள் இறால். பால் டீ நாலு தடவை.

தெரிய வேண்டியவை: ஒரே மாதத்தில் நாலு மடங்கு ஏறுமா? பாஸ்பரஸ், பாஸ்பேட், பாஸ்பட்டேஸ் எல்லாம் ஒன்றா? டி.ஏ.பி. உரத்திலும் எலி மருந்திலும் இருப்பதாகச் சொல்கிறார்களே, அதே பாஸ்பரஸ்தானா இது? எந்த மீனை நிறுத்துவது?

சோதனைக்குழாய் (பதில்)

முதலில் அந்த நாலு மடங்கு பயத்தை விடுங்கள். இரண்டு ரிப்போர்ட்டிலும் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். மதுரை ரிப்போர்ட்டில் மில்லிமோல்/லிட்டர் என்று இருக்கும், இதில் மி.கி./டெசிலிட்டர். மில்லிமோலை 3.1 ஆல் பெருக்கினால் மி.கி. கிடைக்கும். 1.8 × 3.1 = 5.6. ஆக 5.6-இலிருந்து 7.2-க்கு ஏறியிருக்கிறது. அதுவும் ஏற்றம்தான், ஆனால் நாலு மடங்கு இல்லை. பெரியவர்களுக்கு இயல்பு அளவு 2.5 முதல் 4.5 மி.கி. வரை.

இந்த 7.2-ஐயும் முழுசாக நம்ப வேண்டாம். ‘மாதிரி சிவந்துள்ளது’ என்றால் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. அணுவுக்குள் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். உடைந்தால் இரண்டும் சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரில்) கலந்து பொய்யாக ஏறும். உங்கள் பொட்டாசியம் 6.1-உம் அதனால் கொஞ்சம் கூடியிருக்கலாம். ஆனால் பொட்டாசியத்தில் ‘இருக்கலாம்’ என்று சும்மா இருக்கக் கூடாது, இதயத் துடிப்பையே பாதிக்கும் விஷயம். இன்றே டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போன் செய்து சொல்லி, அதை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 40 கி.மீ. வெயிலில் பிரிக்காத ரத்தம் பைக்கில் குலுங்கிப் போனால் இதுதான் நடக்கும். ரத்தம் உறைந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றி சீரத்தைத் தனியாக எடுத்துவிட வேண்டும். சிலர் ‘ஐஸில் வைத்துக் கொண்டுபோகிறோம்’ என்பார்கள். பிரிக்காத ரத்தத்தை ஐஸில் வைத்தால் பொட்டாசியம் இன்னும் கூடுதலாகக் கசியும். பிரித்த பிறகுதான் குளிர். ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தமும் இதற்கு ஆகாது. அதிலுள்ள ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அல்கலைன் பாஸ்பட்டேஸையும் குறைத்துக் காட்டும்.

ஏற்பாடு எளிது: டயாலிசிஸ் அன்று ஊசி போட்டதும், மிஷினில் இணைக்கும் முன் அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள். முடிந்த பின் எடுத்தால் எண் அழகாகக் குறைந்திருக்கும், சில மணி நேரத்தில் அணுக்களிலிருந்தும் எலும்பிலிருந்தும் பாஸ்பேட் வெளியே வந்து மறுபடி ஏறிவிடும். ஒவ்வொரு மாதமும் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே ஆய்வகம். பாஸ்பரஸ் காலையில் தாழ்ந்தும் மாலையில் உயர்ந்தும் இருக்கும், நேரம் மாறினால் ஒப்பிட முடியாது.

இனி சொற்கள். பாஸ்பரஸ் ஒரு தனிமம். உடம்பில் அது தனியாக இருப்பதே இல்லை, நாலு ஆக்ஸிஜனோடு சேர்ந்து பாஸ்பேட்டாக இருக்கிறது. ஆய்வகம் அளப்பதும் பாஸ்பேட்டைத்தான். அமில ஊடகத்தில் அம்மோனியம் மாலிப்டேட்டோடு அது சேரும்போது உண்டாகும் சேர்மத்தை 340 நானோமீட்டர் ஒளியில் அளக்கிறோம். எழுதும்போது மட்டும் அதில் உள்ள பாஸ்பரஸின் எடையை எழுதுகிறோம். 1 மி.கி. பாஸ்பரஸ் என்பது ஏறக்குறைய 3.07 மி.கி. பாஸ்பேட். உணவு அட்டவணை பார்க்கும்போதும் எது எழுதியிருக்கிறது என்று கவனியுங்கள், இல்லையென்றால் கணக்கு மூன்று மடங்கு பிசகும்.

ஒரு பெரியவர் உடம்பில் சுமார் 700 கிராம் பாஸ்பரஸ் உண்டு. அதில் 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் கால்சியத்தோடு சேர்ந்த ஹைட்ராக்ஸிஅபடைட்டாக இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி உயிரணுக்களுக்குள்: சக்தியைக் கொண்டுசெல்லும் ஏ.டி.பி., டி.என்.ஏ.வின் முதுகெலும்பு, அணுச்சவ்வின் பாஸ்போலிப்பிட், சிவப்பணு ஆக்ஸிஜனை இறக்கிவிட உதவும் பி.பி.ஜி. ரத்தத்திலும் அணுக்களுக்கு வெளியே உள்ள நீரிலும் இருப்பது 1 சதவீதம்தான். டயாலிசிஸில் பாஸ்பரஸ் ஏன் மெதுவாகப் போகிறது என்பதற்கு இதுதான் காரணம். மிஷின் தொட முடிவது அந்த 1 சதவீதத்தை மட்டும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதை எடுத்துவிடும், பிறகு உள்ளிருந்து வரவரத்தான் எடுக்க முடியும்.

பாஸ்பட்டேஸ் வேறு சாதி. அது ஒரு நொதி, பாஸ்பேட்டை மற்ற மூலக்கூறுகளிலிருந்து வெட்டி எடுப்பது அதன் வேலை. அது 340 என்றால் பாஸ்பரஸ் 340 என்று பொருள் இல்லை. எலும்பு வேகமாகக் கரைந்து கட்டப்படும்போதும், பித்தம் அடைபடும்போதும் அது ஏறும். ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதி இயல்பாக இருந்தால் கல்லீரல் பக்கம் சந்தேகம் குறையும். பி.டி.எச். 720-ஐயும் சேர்த்துப் பார்த்தால் எலும்பு பக்கம்தான் சாய்கிறது: சிறுநீரகம் பாஸ்பேட்டைத் தள்ள முடியாதபோது எப்.ஜி.எப். 23 என்ற ஹார்மோன் ஏறுகிறது, செயல்படும் வைட்டமின் டி குறைகிறது, கால்சியம் இறங்குகிறது, கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி தூண்டப்பட்டு எலும்பைக் கரைக்கிறது. எலும்பு கரைந்தால் மேலும் பாஸ்பேட் ரத்தத்துக்கு வரும். இந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிகிறது, தோல் அரிக்கிறது.

டி.ஏ.பி. உரத்தில் இருப்பது பாஸ்பேட், வேதியியலில் இதே குடும்பம். எலி பேஸ்டில் இருப்பது ஆக்ஸிஜனோடு சேராத மஞ்சள் பாஸ்பரஸ், கல்லீரலை அழிக்கும் விஷம். பெயர்தான் ஒன்று.

சோறும் மீனும் (பதில்)

மீனை நிறுத்தாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாஸ்பரஸ் பயத்தில் மீனையும் முட்டையையும் நிறுத்தி, மூன்று மாதத்தில் ரத்தப் புரதமான ஆல்புமின் இறங்கி நடக்க முடியாமல் போகிறவர்கள் நிறைய. டயாலிசிஸில் இருப்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். அம்மாவுக்கு நாளைக்கு 50–60 கிராம். குறைக்க வேண்டியது புரதத்தை இல்லை, புரதம் தராமல் பாஸ்பரஸ் மட்டும் தருகிறவற்றை.

வரவு செலவு போட்டுப் பாருங்கள். இப்போது நாளைக்கு 1,200 மி.கி. பாஸ்பரஸ் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 சதவீதம் குடலில் ஏறினால் 720, வாரத்துக்கு 5,040. ஒரு டயாலிசிஸ் சுமார் 800 மி.கி. எடுக்கும், இரண்டுக்கு 1,600. மீதி 3,440. நாளைக்கு 490 தேங்குகிறது. ஒரு கால்சியம் அசிடேட் மாத்திரை குடலில் பிடித்து வெளியேற்றுவது 30 மி.கி. பாஸ்பரஸ் அளவுதான், ஆக 16 மாத்திரை வேண்டும். அத்தனை கொடுக்கவே முடியாது, கொடுத்தால் கால்சியம் ஏறும். உணவை 750-க்குக் கொண்டுவந்தால்? 450 ஏறும், வாரம் 3,150, டயாலிசிஸ் போக 1,550, நாளைக்கு 220. இதை ஏழு மாத்திரை சமாளிக்கும். வாரம் மூன்றாவது டயாலிசிஸ் கிடைத்தால் இந்த 220 நேரே பாதியாகிவிடும். அதற்கு வழி உண்டா என்று டாக்டரிடம் அவசியம் கேளுங்கள். மிச்சம் சிறுநீர் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் குறையும்.

450 மி.கி.-ஐ எங்கே வெட்டுவது? முதல் இடம் பால் டீ. 100 மி.லி. பாலில் 90 மி.கி.க்கு மேல் பாஸ்பரஸ். நாலு டீ என்றால் 370. ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை வர டீ ஆக்கினாலே 280 போய்விட்டது. ஊட்டச்சத்து பானப் பொடி கலக்கினால் அதையும் விடுங்கள்.

இரண்டாவது, முள். சீலா, பாறை, விளமீன் போன்ற பெரிய மீனின் சதை 60 கிராம் சாப்பிட்டால் 12 கிராம் புரதம், 120–140 மி.கி. பாஸ்பரஸ். நல்ல பேரம். நெத்திலி, காரல், சூடை, சின்னச் சாளை இவற்றை முள்ளோடு மென்று விழுங்குகிறோம். முள்ளின் தாதுப்பகுதியில் எடைக்கு 18.5 சதவீதம் பாஸ்பரஸ், 1 கிராமுக்கு 185 மி.கி. அத்தனையும் ஏறாது என்றாலும் வயிற்று அமிலம் ஒரு பகுதியைக் கரைத்துவிடும். புளிக்குழம்பில் நெடுநேரம் கிடந்த மீனின் முள் மெத்தென்று ஆவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் கொஞ்சம் குழம்பிலேயே இறங்கியிருக்கும். மறுநாள் சுண்டவைத்த மீன்குழம்பை அம்மாவுக்கு ஊற்றாதீர்கள். நம் ஊரில் அதுதான் ருசி என்று தெரியும், இருந்தாலும் வேண்டாம்.

சமைக்கும் முறை: துண்டைச் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் 10 நிமிடம் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு மசாலாவில் போடுங்கள். பொட்டாசியமும் சேர்ந்து போகும். கோழி, ஆட்டுக்கறி என்றால் 20–30 நிமிடம் வைக்கலாம், மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை பாஸ்பரஸ் தண்ணீரோடு போகும். புரதம் பெரும்பாலும் தங்கிவிடும். ஆனால் முள்ளில் இருப்பது வெந்நீரில் இப்படிப் போகாது.

கருவாடு மூன்று வழியில் கெடுதல். காயும்போது தண்ணீர்தான் போகிறது, பாஸ்பரஸ் அங்கேயே இருக்கிறது, ஆகவே கிராமுக்குக் கிராம் பல மடங்கு. நெத்திலிக் கருவாடு என்றால் முள்ளும் சேர்த்தி. உப்பு தாகத்தைக் கிளப்பி, இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எடை ஏற்றும். ஊறவைத்தால் உப்பு குறையும், முள் குறையாது. நெத்திலிக் கருவாட்டை நிறுத்திவிடுங்கள். ஆசைக்கு என்றால் மாதம் ஒரு தடவை பெரிய மீன் கருவாடு, முள் நீக்கி, ஊறவைத்துப் பிழிந்து ஒரு சிறு துண்டு.

முட்டை வெள்ளைக்கரு இரண்டு: 7 கிராம் புரதம், 10 மி.கி. பாஸ்பரஸ். இதைவிட நல்லது எதுவும் இல்லை. மஞ்சள் கரு ஒன்றில் 65 மி.கி.

பருப்பு, கேப்பையில் இருப்பது பெரும்பாலும் பைட்டேட் என்ற வடிவில் கட்டுண்ட பாஸ்பரஸ். அதை உடைக்கும் நொதி நம் குடலில் இல்லை, ஆகவே பாதிக்கும் குறைவாகத்தான் ஏறும். மாவு புளித்தாலோ பயறு முளைத்தாலோ அது உடைந்து கூடுதலாக ஏறும். அதற்காக இட்லியை நிறுத்த வேண்டியதில்லை.

ஐஸ் பெட்டி (பதில்)

இறால் பற்றி ஒன்று சேர்க்கிறேன், மீன் பதப்படுத்தும் தர ஆய்வு என் துறை.

போட்டிலிருந்து இறங்கும் இறாலில் பாஸ்பேட் சேர்ப்பதில்லை. போட்டில் தூவும் பொடி தலை கறுக்காமல் இருக்க சோடியம் மெட்டாபைசல்பைட். அது கந்தகம், பாஸ்பரஸ் இல்லை. உரித்து, பொட்டலம் கட்டி, உறையவைத்து வரும் இறாலும் கணவாயும்தான் கவனிக்க வேண்டியவை. சோடியம் டிரைபாலிபாஸ்பேட் 2–4 சதவீதக் கரைசலில் ஊறவைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். சதையின் காரத்தன்மை கூடி, புரத இழைகள் ஒன்றையொன்று தள்ளி விலகுகின்றன, நடுவில் தண்ணீர் தங்குகிறது. உருகும்போது எடை குறையாது, அதற்காகத்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் உறைந்த மீன் வகைகளுக்கு அனுமதிக்கும் உச்சம் ஒரு கிலோவுக்கு 5 கிராம், பாஸ்பரஸ் பென்டாக்ஸைடாகக் கணக்கிட்டு. அதை 0.436 ஆல் பெருக்கினால் பாஸ்பரஸ். 100 கிராம் இறாலுக்கு 218 மி.கி. வருகிறது. இறாலில் இயற்கையாக இருப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது சட்டத்துக்கு உட்பட்டே இரட்டிப்பாகலாம். இயற்கைப் பாஸ்பரஸ் 40–60 சதவீதம் ஏறும்போது, சேர்த்த உப்பு 90 சதவீதத்துக்கு மேல் ஏறும்.

பொட்டலத்தில் பொருள் பட்டியலைப் படியுங்கள். ஐ.என்.எஸ். (உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான எண்) 338 முதல் 341 வரை, பிறகு 450, 451, 452. இந்த எண்கள் இருந்தால் வேண்டாம். பதப்படுத்திய சீஸ், கோழி நக்கெட், கறுப்புக் கோலா (அதில் 338, பாஸ்பாரிக் அமிலம்), நண்டுக்குச்சி என்று விற்கும் சுரிமி எல்லாவற்றிலும் தேடுங்கள். 322 என்பது லெசிதின், அதுவும் பாஸ்பரஸ் உள்ள கொழுப்புதான், ஆனால் சேர்க்கும் அளவு சிறிது.

லேபிள் இல்லாமல் தூக்கி விற்கும் உரித்த இறால் என்றால் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடி போலப் பளபளத்து, சோப்பு போல வழுக்கி, சட்டியில் போட்டதும் தண்ணீர் விட்டுப் பாதியாகச் சுருங்கினால், வெந்த பின்னும் ரப்பர் போலத் துள்ளினால் சந்தேகப்படலாம். உங்களுக்கு மண்டபத்திலேயே தோலோடு பச்சை இறால் கிடைக்கும்போது இந்தத் தொல்லையே வேண்டாம்.

மண்டபம் கரை

நன்றி. அலகைப் பார்த்தேன், சரிதான், மதுரையில் மில்லிமோல். டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போன் போட்டுவிட்டேன், உடனே வரச் சொன்னார்கள், கிளம்புகிறோம்.

மாத்திரையில் ஒரு சந்தேகம். அம்மா மூன்றையும் ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து மொத்தமாகப் போடுகிறார். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை உண்டு. மலச்சிக்கல் அதிகமாகி, மெடிக்கலில் பாஸ்பேட் எனிமா என்று ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் போடவில்லை.

மருந்துக் கட்டு (பதில்)

அந்த எனிமாவைப் போடாதீர்கள், திருப்பிக் கொடுங்கள். அதில் இருப்பது சோடியம் பாஸ்பேட், ஒரு பாட்டிலிலேயே பல கிராம். சிறுநீரகம் ஓடாதவருக்கு அது குடல் வழியே ஏறினால் பாஸ்பேட் திடீரென உயர்ந்து, கால்சியம் சரிந்து, கைகால் இழுத்துக்கொண்டு, துடிப்பு தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். பெருங்குடல் பரிசோதனைக்கு முன் குடிக்கக் கொடுக்கும் பாஸ்பேட் கரைசலும் இவர்களுக்கு ஆகாது, எந்த டெஸ்டுக்குப் போனாலும் ‘டயாலிசிஸ் நோயாளி’ என்று முதலிலேயே சொல்லுங்கள். மலச்சிக்கலுக்கு லாக்டுலோஸ் பொருத்தம், அளவை யூனிட் டாக்டரிடம் கேளுங்கள். மெக்னீசியம் கலந்த பால் போன்ற மருந்தும் தானாக வாங்க வேண்டாம்.

மாத்திரை வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது. கால்சியம் அசிடேட் ரத்தத்துக்குப் போய் வேலை செய்கிற மருந்து இல்லை. குடலில் கரைந்து, அந்தக் கால்சியம் அங்கே உள்ள உணவின் பாஸ்பேட்டைப் பிடித்து, கரையாத உப்பாக மலத்தோடு வெளியே கொண்டுபோக வேண்டும். உணவும் அதுவும் ஒன்றாக இருந்தால்தான் இது நடக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் பாஸ்பேட் ஏறிவிடும், மாத்திரையின் கால்சியமும் (ஒன்றில் 169 மி.கி.) ரத்தத்தில் ஏறும். முதல் இரண்டு வாய் சாப்பிட்டதும் போடுவது பழக்கமாகட்டும். தட்டில் சோறு வைக்கும்போதே மாத்திரையையும் பக்கத்தில் வையுங்கள்.

ஒரு வேளைக்கு ஒன்று என்பதும் கல்லில் எழுதியது இல்லை. மீன் சாப்பிடும் மதியத்துக்கு இரண்டு, இரவுக்கு ஒன்று, இட்லி மட்டும் என்றால் காலையில் இல்லை என்று பிரிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எண்ணிக்கையைக் கூட்டுவதும் அவர் முடிவு. கால்சியம் ஏறினால் செவெலமர் 800 மி.கி.க்கு மாற்றுவார்கள். அது கால்சியம் இல்லாத பாலிமர், ஈரத்தில் உப்பும், ஆகவே உடைக்காமல் மெல்லாமல் முழுசாக விழுங்க வேண்டும். லாந்தனம் கொடுத்தால் நேர்மாறு, நன்றாக மென்று தின்ன வேண்டும். மாத்திரை மாறும்போது வீட்டில் இதில்தான் குழம்பிவிடுகிறார்கள்.

தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும், இல்லையென்றால் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். காலை 5 மணிக்கு தைராய்டு, அசிடேட் மதியமும் இரவும் என்றால் மோதல் இல்லை. இரும்பு மாத்திரை, சிப்ரோப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் இதே கவனம். பெயரில் ‘பாஸ்பேட்’ என்று வருகிற எல்லா மாத்திரைக்கும் பயப்பட வேண்டாம். சர்க்கரைக்கான சிட்டாகிளிப்டின் பாஸ்பேட் 100 மி.கி. மாத்திரையில் பாஸ்பரஸ் 8 மி.கி.க்கும் குறைவு.

கால்சிட்ரியால் (செயல்படும் வைட்டமின் டி) எழுதியிருந்தால் அதையும் சொல்லுங்கள். பி.டி.எச்.சைக் குறைக்கக் கொடுப்பது, ஆனால் குடலில் பாஸ்பேட்டையும் கூடுதலாக ஏற்றும். பாஸ்பரஸ் 7-ஐத் தாண்டியிருக்கும்போது அளவை மறுபடி பார்ப்பார்கள்.

சோதனைக்குழாய்

இன்று யூனிட்டில் எடுக்கும் ரத்தத்திலேயே பாஸ்பரஸையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், சிவக்காத மாதிரியில் உண்மையான எண் தெரியும். அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். டீயும் மாத்திரை நேரமும் மாறி மூன்று வாரம் கழித்து, டயாலிசிஸுக்கு முன், இதே கிழமையில் பாஸ்பரஸ், கால்சியம் இரண்டும் ஒரே குழாயில். பி.டி.எச். அவ்வளவு சீக்கிரம் இறங்காது, அதை மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதும்.